வகுக்காமல் அறிவது

அன்புள்ள ஐயா,

2-இன் 127-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் 39 இலக்க எண் பகா எண் என்பதை 1876-இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்காஸ் நிறுவியதாகப் படித்தேன். எத்தனை எண்களால் வகுத்துப் பார்த்திருப்பார்? தோராயமாகச் சொன்னதைப் பின்னாளில் கணிப்பொறி சரிபார்த்திருக்கும் என்றே நினைக்கிறேன். இதனால் என்ன பயன் என்பதையும் விளக்குங்கள்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

பயனை விட்டுவிடுவோம், ஆயுள் முழுதும் வட்டி கணக்கிட்டவர் ஓர் எண்ணைச் சும்மா பார்க்கக் கூடாதா? ஆனால் ‘தோராயமாக’ என்ற சொல்லை விட முடியாது. எழுதும் முன் சற்று யோசித்திருக்கலாம்.

என் தந்தை ஒரு மண்டியில் பேரேடு எழுதியவர். பக்கம் முடிந்ததும் மறுபடி கூட்ட மாட்டார். ஒவ்வொரு தொகையிலும் ஒன்பதுகளைத் தள்ளி, அதாவது ஒன்பதால் வகுத்த மிச்சத்தை மட்டும் எடுத்து, அவற்றைக் கூட்டி, கூட்டுத்தொகையின் மிச்சத்தோடு ஒப்பிட்டு, “பிழை இருக்கிறது” என்பார். “எங்கே?” என்று கேட்டால், “அது எனக்கு எப்படித் தெரியும்?” என்பார். பிழை இருப்பதை அறிவதும் அது இருக்கும் இடத்தை அறிவதும் வேறு வேறு என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. லூக்காஸும் 2^67 − 1 பகு எண் என்று அதே 1876-இல் காட்டியபோது அதன் காரணி ஒன்றைக்கூட அறிந்திருக்கவில்லை. 193707721, 761838257287 என்ற இரண்டையும் 1903-இல் அமெரிக்கக் கணிதர் கோல் சொல்லும்வரை வேறெவரும் அறிந்திருக்கவில்லை.

அப்பாவின் முறையில் ஓர் ஓட்டை உண்டு: மிச்சங்கள் ஒத்துப்போனாலும் பிழை ஒளிந்திருக்கலாம். லூக்காஸ் உருவாக்கி, பின்னர் அமெரிக்கக் கணிதர் லேமர் செம்மைப்படுத்திய வழியில் அந்த ஓட்டை இல்லை. 2^7 − 1, அதாவது 127-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 4-இல் தொடங்கி, வர்க்கமாக்கி, 2-ஐக் கழித்து, 127-ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொண்டே சென்றால் 4, 14, 67, 42, 111, 0 என்று வரும். அடுக்கைவிட இரண்டு குறைவாக, ஐந்தாம் படியில் பூச்சியம் வந்ததால் 127 பகா எண், வராதிருந்தால் பகு எண். உங்கள் 39 இலக்க எண்ணுக்கு வேண்டியவை 125 படிகள் மட்டுமே. அதிலும் 0, 1 மட்டும் கொண்டு எழுதும் இரும முறையில் அது 127 ஒன்றுகளின் வரிசை என்பதால், 127 இடங்களுக்கு மேல் வழிவதை வெட்டிக் கீழ்ப்பகுதியோடு கூட்டினாலே மீதி கிடைத்துவிடும். நீங்கள் சொல்வதுபோல வர்க்கமூலம் வரையுள்ள ஒவ்வோர் எண்ணாலும், நொடிக்கு ஒன்றாக வகுத்துப் பார்த்தால் நாற்பதாயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான்.

நீங்களே தாளில் 2^11 − 1, அதாவது 2047-க்கு ஒன்பது படிகளையும் போட்டுப் பாருங்கள். அது 23 × 89 என்பதை மறந்துவிடுங்கள்; கணிப்பானையும் தொடாதீர்கள். கடைசியில் 1736 மிஞ்ச வேண்டும். வேறெதுவும் வந்தால் எந்தப் படியில் பிழை என்று என்னிடம் கேட்காதீர்கள்.