கோத்திரமும் சபையும்: வாசகர் கேள்வி – பதில்

எங்கள் சபையில் 120 குடும்பங்கள். போதகர் கிராம சபைகளையும் பார்க்க வேண்டும். ஏரியா வாரியாக ஜெபக்குழு பிரித்தோம்; சில மாதத்திலேயே படுத்துவிட்டது. மோசே செய்ததுபோல் பிரிக்க முடியுமா?
— சபைச் செயலர், திருமங்கலம்

முடியும். ஆனால் யாத்திராகமம் 18-ல் எத்திரோ தன் மருமகன் மோசேக்குச் சொன்னது ஜெபக்குழு அல்ல, வழக்குத் தீர்க்கும் ஏற்பாடு. காலை முதல் சாயங்காலம்வரை ஜனங்கள் மோசேயின் முன் காத்து நின்றார்கள். அதனால்தான் ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்குத் தலைவர்கள். சிறிய காரியத்தை அவர்களே தீர்ப்பார்கள். பெரியது மட்டும் மோசேயிடம் வரும். உங்கள் குழுத் தலைவர்களுக்குப் பாட்டும் ஜெபமும் நடத்தும் வேலை மட்டும் கொடுத்திருந்தால், படுத்ததில் ஆச்சரியமில்லை.

பத்து வீட்டுக்கு ஒரு குழு, மொத்தம் 12. தெரு வாரியாகவே பிரியுங்கள். சிநேகிதம் பார்த்துச் சேரவிட்டால், புதிதாகக் குடிவந்தவர்களும் தனியாக இருக்கும் விதவைகளும் எந்தக் குழுவிலும் இருக்கமாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், ஒரு துணை. தலைவர் ஊருக்குப் போன வாரம்தான் குழு உடையும். பெரியாஸ்பத்திரியில் யாராவது சேர்ந்தால் அன்றைக்கே போய்ப் பார்ப்பது, அரிசி தீர்ந்த வீட்டைக் கவனிப்பது, வாய்த்தகராறைப் பேசி முடிப்பது: இவை குழு அளவில் முடியட்டும். சொத்துப் பிரச்சினை போதகருக்குப் போக வேண்டும். வீட்டுக்குள் அடி விழுகிறது என்றால் குழுவுக்குள் மூடிவைக்கவே கூடாது. அன்றைக்கே போதகருக்கும், தேவைப்பட்டால் மகளிர் காவல் நிலையத்துக்கும் தெரிய வேண்டும். எது எங்கே போகும் என்பதை எழுதி, சபையில் வாசித்துவிடுங்கள்.

காணிக்கை ரசீதுப் புத்தகத்தைத் தலைவர் கையில் கொடுக்காதீர்கள். எத்திரோ கேட்ட தகுதிகளில் ஒன்று பொருளாசையை வெறுப்பது. எவ்வளவு நல்லவரானாலும் ரசீதோடு வந்தால், கதவு பாதிதான் திறக்கும். கமிட்டித் தேர்தலில் நிற்பவரும் வேண்டாம். குழு ஓட்டு வங்கியாகிவிடும்.

இஸ்ரவேலிலேயே 12 கோத்திரம் இருந்ததே. நாங்கள் அவரவர் சொந்தத்தோடு தனியாக உட்கார்வதிலும், கல்லறையைப் பிரித்து வைப்பதிலும் என்ன தப்பு?
— வாசகர், வாடிப்பட்டி

தப்புதான். சாதிக்குச் சாட்சி சொல்லக் கோத்திரத்தை அழைக்காதீர்கள். எண்ணாகமம் 7-ஐப் பாருங்கள்: பலிபீடப் பிரதிஷ்டைக்கு நாளுக்கு ஒரு கோத்திரமாகக் காணிக்கை கொண்டுவந்தார்கள். யூதாவின் சேனை 74,600 பேர், மனாசேயின் சேனை 32,200 பேர். இரண்டுக்கும் ஒரே காணிக்கை: 130 சேக்கல் வெள்ளித்தாலம், 70 சேக்கல் வெள்ளிக்கலம், 10 சேக்கல் பொன் தூபகரண்டி, அதே பலிமிருகங்கள். பன்னிரண்டு நாளும் அதே பட்டியல், வேதத்தில் ஒருதரம்கூடச் சுருக்கப்படவில்லை. அலுப்பென்று நாம் தாண்டிப்போகும் அதிகாரம் அது.

முதல் நாள் காணிக்கை கொடுத்தவர் யூதாவின் நகசோன். அவருடைய சகோதரியைக் கட்டியவர் லேவி கோத்திரத்து ஆரோன். வேறு கோத்திரத்தில் கட்டக்கூடாது என்ற விதி, மகன் இல்லாமல் இறந்த செலொப்பியாத்தின் குமாரத்திகளைப்போல் நிலத்துக்கு வாரிசான பெண்களுக்குத்தான். நிலம் கைமாறக்கூடாது என்பதே காரணம். யூதாவுக்காக வேவுபார்க்கப் போன காலேப்பை வேதம் கேனேசியன் என்கிறது; அது இஸ்ரவேலுக்கு வெளியே இருந்த ஓர் இனத்தின் பெயர். பென்யமீனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று ஒருமுறை ஆணையிட்டார்கள். ஒரு கோத்திரமே அற்றுப்போகிறதே என்று பிறகு அவர்களே அழுதார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் அடக்கத் தேதி வரிசையில் குழி தோண்டுங்கள். பதிவேட்டில் வரிசை எண் போதும். குடும்ப இடம் என்று முன்பதிவு செய்வதை நிறுத்துங்கள், இடித்த சாதிச் சுவர் அந்த வழியாகத்தான் திரும்ப வரும். தீர்மானத்தை இப்போதே போடுங்கள். துக்க வீட்டில் வைத்துப் பேசினால் கோபம்தான் பேசும்.

எங்கள் சபையில் சிலர் கேட்காமலே புது காலனியில் ஜெபவீடு கட்டிவிட்டார்கள். நீக்கிவிடலாமா?
— கமிட்டி உறுப்பினர், மேலூர்

முதலில் யோசுவா 22. யோர்தான் ஓரத்தில் பீடம் கட்டிய கோத்திரங்கள் பலியிட வேறு பீடம் வைத்துவிட்டார்கள் என்று எண்ணி, அவர்களோடு யுத்தம் பண்ண மற்றவர்கள் சீலோவில் கூடிவிட்டார்கள். ஆனாலும் ஆசாரியன் பினெகாசையும் கோத்திரத்துக்கு ஒருவராகப் பத்துப் பிரபுக்களையும் அனுப்பிக் கேட்டார்கள். கேட்டபோதுதான் அது பலிக்கு அல்ல, சாட்சிக்குக் கட்டியது என்று தெரிந்தது. போனவர்கள் வெறுங்கையாகவும் போகவில்லை: உங்கள் தேசம் தீட்டானால் எங்கள் நடுவே வந்து காணி பெறுங்கள் என்று தங்கள் நிலத்திலேயே பங்கு தரத் துணிந்தார்கள்.

நீங்களும் கடிதம் அனுப்பாமல், தெருவுக்கு ஒருவராக நேரில் போங்கள். பஸ் வசதி இல்லாமல் முதியவர்கள் ஆராதனைக்கு வரமுடியாததுதான் காரணம் என்றால், ஞாயிறு காலையில் ஒரு வேன் அனுப்ப சபை தயாரா என்பதை முடிவு செய்துகொண்டு போங்கள்.