ஏற்காட்டுக் குளிரில் முருங்கை, கறிவேப்பிலை, குண்டுமல்லி வருமா?

கேள்வி இதுதான்: சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஏற்காட்டுக்குக் குடிபோகிறீர்கள். கீழே வீட்டில் இருக்கும் முருங்கை, கறிவேப்பிலை, குண்டுமல்லி, மல்கோவா மா எல்லாம் மேலே வருமா, அமெரிக்க வரைபடத்தில் ஊருக்கு ஊர் குளிர் மண்டல எண் போடுகிறார்களே, அதைப் பார்த்துச் செடி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மல்கோவாவை விட்டுவிடுங்கள். மற்ற மூன்றும் வரும். நான் மேலேதான் குடியிருக்கிறேன், மூன்றும் என் வீட்டில் இருக்கின்றன. கீழே வளர்த்த மாதிரியே வளர்த்தால்தான் வராது.

அந்த மண்டல எண்ணை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்க வேளாண்மைத் துறையின் வரைபடம் அது, 2023-இல் புதுப்பித்தார்கள். வருடத்திலேயே மிகக் குளிர்ந்த இரவு எத்தனை டிகிரிக்கு இறங்குகிறது என்பதைப் பல வருடங்களுக்குச் சராசரி பார்த்து 1 முதல் 13 வரை பிரித்திருக்கிறார்கள். உறைபனியில் செடி பிழைக்குமா என்று தெரிந்துகொள்ளத்தான் அது உதவும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் 12, 13 டிகிரி சாதாரணம், சில நாள் அதற்கும் கீழே போகும். ஊட்டி மாதிரி புல் வெளுக்க உறைபனி விழும் ஊர் இல்லை. அதனால் எண்ணை மட்டும் நம்பினால் எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்றுதான் தோன்றும். ஆனால் லண்டனும் 9-ஆம் மண்டலம், ஃபுளோரிடாவின் வட பகுதியில் பல இடங்களும் 9-ஆம் மண்டலம். கோடை வெயிலில் இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்! செடி சாகாமல் இருப்பது வேறு, பூத்துக் காய்ப்பது வேறு.

இங்கே செடியைக் கொல்வது பெரும்பாலும் ஈரம். குளிர்ந்த மண்ணில் வேர் தண்ணீர் உறிஞ்சுவது குறைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை அதே நேரத்தில்தான் கொட்டும். பிறகு மார்கழியில் நாள் கணக்கில் பனிமூட்டம், மண் காயவே காயாது. "குளிர் தாங்காமல் போயிடுச்சு" என்று சொல்லித் தூக்கிப்போடும் முருங்கைக் கன்றின் வேரைக் கொஞ்சம் பாருங்கள். பழுப்பேறி, விரலால் உருவினால் தோல் தனியாகக் கழன்று, புளித்த வாடை அடிக்கும். அது அழுகல். அதற்குப் போய்ச் செடியைச் சாக்கு, பாலிதீன் என்று சுற்றி மூடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறும். உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்து, பிழைத்திருக்க வேண்டியதும் போய்விடும்.

ஆகவே முருங்கைக்கு மேடு கட்டுங்கள். முழங்கால் உயரத்துக்குச் செம்மண்ணும் மணலும் சரிபாதி, கொஞ்சம் மக்கிய சாணம், அடியில் உடைகல். மழை தொடங்கியதிலிருந்து தை பிறக்கும் வரை நீங்களாக ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். இலை மஞ்சளாகி உதிர்ந்தால் பயப்படவும் வேண்டாம், வெயில் ஏறியதும் துளிர்க்கும். காய் கீழே மாதிரி கொத்துக் கொத்தாக வராது, கீரைக்குக் குறைவிருக்காது.

இதைவிட முக்கியம், எந்த இடத்தில் வைக்கிறீர்கள் என்பது. குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரியில் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். வானம் தெளிந்த ஒரு மார்கழி விடியலில் உங்கள் மனையின் மேல் கோடியிலிருந்து கீழ் வேலி வரை நடந்து பாருங்கள், கணுக்காலில் குளிர் ஏறுவது தெரியும். கீழ்ப்பக்கம் இடைவெளியே இல்லாமல் மதில் எழுப்பினால் அந்தக் காற்று அங்கேயே நின்றுவிடும். அடியில் நான்கைந்து இடத்தில் திறப்பு விடச் சொல்லுங்கள், மழைத் தண்ணீரும் வடியும். முடிந்தால் குறைந்தபட்ச வெப்பத்தைக் குறித்து வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்கி இடம் மாற்றி மாற்றித் தொங்கவிடுங்கள். ஒரே மனைக்குள் இடத்துக்கு இடம் ஒன்றிரண்டு டிகிரி மாறும்.

சுவர் என்றால் தெற்குப் பார்த்த கருங்கல் சுவர். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும், அதனால் பனி விலகிய பிறகு வெயில் நேராக அதன்மேல் விழும். கல் அந்தச் சூட்டை வாங்கி வைத்து ராத்திரியில் மெல்ல மெல்ல விடும், தணல் அவிந்த அடுப்பு மாதிரி. என் கறிவேப்பிலை அங்கேதான், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. சுமார் 16 டிகிரிக்குக் கீழே போனால் கறிவேப்பிலை வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். மொட்டையாகவே நின்றாலும் நகத்தால் தண்டைக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. எப்படியாவது துளிர்க்க வைக்க வேண்டும் என்று அந்த நேரத்தில் உரம் போட்டுவிடாதீர்கள். மாசிக் கடைசியில் நுனியில் இளஞ்சிவப்பாகத் துளிர் கிளம்பும், அப்போது போட்டால் போதும். அதுவரை ரசத்துக்குச் சேலத்திலிருந்துதான் வர வேண்டும்.

குண்டுமல்லியைத் தொட்டியில் வையுங்கள், மழைக்காலத்தில் தாழ்வாரத்துக்குள் நகர்த்தலாம். சமவெளியில் நவம்பர் கடைசியில் கவாத்து செய்வார்கள். மேலே நான் தை கழிந்துதான் வெட்டுகிறேன். முன்னதாக வெட்டினால் இளந்தளிர் குளிரில் மாட்டிக்கொண்டு கருகி நிற்கிறது. சித்திரை, வைகாசியில் பூக்கும். கீழே போல அள்ள அள்ள வராது, தலைக்கு வைக்கத் தாராளம்.

மல்கோவா ஏன் வேண்டாம் என்றால், மரம் நன்றாகவே வளரும், நிழல் தரும். ஆனால் பூவெடுக்கும் சமயத்தில் குளிரும் மூட்டமும் சேர்ந்து சாம்பல் நோய் பூங்கொத்தைப் பிடித்துவிடும், பிஞ்சு நிற்காது. சின்ன மனையில் அவ்வளவு இடத்தை அதற்குக் கொடுக்க எனக்கு மனம் வராது. அந்த இடத்தில் வெண்ணெய்ப்பழமோ மலை ஆரஞ்சோ வைக்கலாம், இரண்டும் இந்த மலைக்குப் பழகியவை. பப்பாளியும் வரும், ஆனால் குளிரில் பழுப்பது இனிப்பே இல்லாமல் சப்பென்றிருக்கும்.

வீடு மாறியதும் கையோடு நட்டுவிடாதீர்கள். தொட்டியிலேயே வைத்திருந்து, சித்திரைக் கோடை மழை ஒன்று விழுந்ததும் தரையில் இறக்குங்கள். ஐப்பசிக்குள் வேர் நன்றாகப் பிடித்துவிடும்.