எட்டுப் பேருக்குக் குக்கர் வேண்டாம், குண்டான் போதும்

தண்டையார்பேட்டையிலிருந்து எட்டுப் பேர், ஜவ்வாது மலையில் இரண்டு இரவு, ஐந்து லிட்டர் குக்கரைச் சுமக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் தம்பி. 1000 மீட்டர் உயரத்திலும் தண்ணீர் சுமார் 97 டிகிரியில் கொதிக்கும், மூடி போட்டாலே சோறு வெந்துவிடும்.

மிண்ட் தெருப் பக்கம் பாத்திரக் கடையில் அகலமான அடியுள்ள அலுமினியக் குண்டான் ஒன்று, ஐந்து லிட்டரில் வாங்குங்கள். கூடவே டீக்கு இரண்டு லிட்டரில் ஒன்று. சின்னது பெரியதற்குள் அடங்க வேண்டும், அதற்குள் இடுக்கியும் டீத்தூளும் போய்விடும். டைட்டானியம் எடை குறைவுதான், ஆனால் தீ படும் இடத்தில் மட்டும் சூடேறி உப்புமா அடிப்பிடிக்கும். காசுக்கும் கேடு.

அடுப்பில்தான் கவனம் தேவை. கேஸ் டப்பா தலையில் திருகும் சின்ன அடுப்பில் ஐந்து லிட்டரை ஏற்றினால் ஆடும், கவிழ்ந்தால் கொதிநீர் காலில்தான். டப்பாவோடு குழாயால் இணையும், தரையோடு உட்காரும் மூன்றுகால் அடுப்பு வாங்குங்கள். காற்றுத் தடுப்புத் தகட்டை அடுப்பைச் சுற்றி மட்டும் வையுங்கள், டப்பா வெளியே இருக்கட்டும். காற்றில்லாதபோது ஒரு லிட்டர் கொதிக்க ஏறக்குறைய 15 கிராம் கேஸ் போகும். 230 கிராம் டப்பா இரண்டு போதும்.

ரவையை வீட்டிலேயே வறுத்துவிடுங்கள்.

அப்புறம், கேஸ் டப்பாவை ரயிலில் கொண்டுபோகத் தடை. பெரம்பூரில் ரயில் ஏறும் திட்டமிருந்தால் வேனுக்கு மாறுங்கள். காப்புக்காட்டில் தங்கவும் அடுப்பு மூட்டவும் வனத்துறை அனுமதியை முன்பே கேட்டுவிடுங்கள்.