பதில்: ஒரு கோல் லீடு வந்ததும் படுத்துக்குற டீமை என்ன பண்றது?

அண்ணே, மேலூர்ல நீங்க நடத்துற செவன்ஸ் ஃபுட்பால்ல, அதான் டீமுக்கு ஏழு பேரு ஆடுறதுல, ஒரு கோல் முந்துனதும் ஆளாளுக்கு கால புடிச்சுக்கிட்டு உருளுறாய்ங்க, ரெஃப்ரி விசில் அடிச்சே ஓஞ்சு போறாருன்னு கேட்டிருந்தீங்க. எல்லோ கார்டை நம்பாதீங்க, நடிப்புக்கு எல்லோன்னு ரூல்ல இருக்கு தான், ஆனா வலி பொய்யின்னு எந்த ரெஃப்ரி அடிச்சு சொல்லுவாரு. அமெரிக்காவோட பெரிய ஃபுட்பால் லீக் எம்எல்எஸ்ல 2024ல இருந்து வேற மாதிரி பண்றாய்ங்க, 15 செகண்டுக்கு மேல கிடந்து, அடிபட்டவனை பாக்குற பிசியோ உள்ள வந்துட்டா ஆளு 2 நிமிஷம் வெளிய நிக்கணும், நடிச்சியான்னு கேள்வியே கிடையாது. செவன்ஸ்ல ஒரு ஆள் கொறஞ்சா என்னாகும்னு உங்களுக்கே தெரியும், சின்ன மேட்ச்சுக்கு 1 நிமிஷமே போதும்ணே.

தலையில அடிபட்டவன், எதிராளி கார்டு வாங்குற அளவுக்கு ஃபவுல் பண்ணி விழுந்தவன், இவய்ங்களுக்கு விலக்கு குடுத்துருங்க, இல்லேன்னா உதைச்ச டீமுக்குல்ல லாபம். கோல்கீப்பரை வெளிய அனுப்ப முடியாது, அவன் படுத்தா மத்தவய்ங்களை கோச்கிட்ட போய் பேச விடாதீங்க, பாதி கீப்பருங்க படுக்குறதே அதுக்குத்தான். போன நேரத்தை கடைசில சேத்துருங்க, 2022 கத்தார் உலகக்கோப்பைல 10 நிமிஷமெல்லாம் சேத்தாய்ங்க.

எல்லாத்தையும் டாஸுக்கு முன்னாடியே மைக்ல சொல்லிருங்க, பாதி மேட்ச்ல சொன்னா பஞ்சாயத்து தான்.