கொட்டிய முடி சொல்லும் கணக்கு

கேள்வி: அம்மாவுக்கு வயது 56. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். சிஸ்பிளாட்டினும் பேக்லிடாக்சலும் சேர்த்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ கொடுக்கிறார்கள். முதல் கீமோ முடிந்த 16-ஆம் நாள் ஒன்றரை அடிக் கூந்தல் கொத்துக் கொத்தாகக் கொட்டிவிட்டது. தலையணையில் கிடந்த முடியை ஒரு சத்து மருந்து நிலையத்தில் கொடுத்தோம். ‘கீமோவால் ஜிங்க், மக்னீசியம் இரண்டும் குறைந்துவிட்டன’ என்று ரிப்போர்ட் தந்து, 11,000 ரூபாய்க்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஆரம்பிக்கலாமா?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். பாட்டில்களைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள்.

27 வருடம் ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்தவள் நான். என் அக்காவுக்குக் கீமோ நடந்தபோது அவள் தலையணை முடியைத் தினமும் காலையில் வாரி எடுத்ததும் நான்தான். அந்த முடியைப் பார்க்கும்போது, இதிலாவது ஏதாவது விடை இருக்காதா என்று மனசு ஏங்கும். அதனால் நீங்கள் செய்ததை நான் தப்பு என்று சொல்லமாட்டேன்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். வேரில் முடி உருவாகும்போதுதான் ரத்தத்திலிருந்து தாதுக்கள் அதற்குள் போகும். தோலைத் தாண்டி வெளியே வந்த முடி உயிரற்றது. 16 நாளில் சுமார் அரை சென்டிமீட்டர்தான் வளர்ந்திருக்கும். அதுவும் பெரும்பாலும் தோலுக்குள்ளேயேதான் இருந்திருக்கும். கீமோ மருந்து, வேகமாகப் பெருகும் வேர் செல்களைத் தாக்குவதால் அந்த இடத்தில் முடி இழைபோல மெலிந்து, அங்கேயே ஒடிந்து விழுகிறது. ஆக, தலையணையில் கிடந்தது கீமோவுக்கு முந்தைய கூந்தல். ஒன்றரை அடி என்றால் அதன் நுனி கிட்டத்தட்ட நான்கு வருடப் பழசு. கீமோ என்ன செய்தது என்று அது எப்படிச் சொல்லும்?

அப்புறம், முடியில் வெளியிலிருந்து ஒட்டுவதும் உண்டு. உப்புத் தண்ணீர் வரும் போர்வெல்லில் தலைக்குக் குளித்தால் கால்சியமும் மக்னீசியமும் ஏறும். சில பொடுகு ஷாம்புகளில் ஜிங்க்கே மருந்தாக இருக்கிறது. லேபில் கழுவிவிட்டுச் சோதித்தாலும், கழுவும் முறையைப் பொறுத்து உள்ளே இருப்பதும் கொஞ்சம் போய்விடும். அமெரிக்காவில் ஆரோக்கியமான ஒருவரின் முடியைப் பிரித்து ஆறு லேப்களுக்கு அனுப்பிப் பார்த்த ஆய்வு 2001-ல் வெளிவந்தது. 12 தாதுக்களில் லேபுக்கு லேப் பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

முடிப் பரிசோதனையே வீண் என்று நினைக்க வேண்டாம். ஈராக்கில் 1971-72-ல் பாதரச மருந்து தடவிய விதைக் கோதுமையில் ரொட்டி சுட்டுச் சாப்பிட்டுப் பலர் இறந்தார்கள். அப்போது பெண்களின் நீளமான கூந்தலைத் துண்டு துண்டாகச் சோதித்துத்தான் எந்த மாதம் எவ்வளவு விஷம் உடம்பில் இருந்தது என்று கண்டுபிடித்தார்கள். விஷத்துக்கு அது நல்ல சாட்சி. இன்றைக்கு அம்மாவுக்கு எந்தச் சத்து குறைவு என்று அதைக் கேட்க முடியாது.

மக்னீசியம் பற்றிய கவலை மட்டும் உண்மையானது. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிப்பதால் மக்னீசியம் சிறுநீரில் வெளியேறிவிடும். அது குறைந்தால் பொட்டாசியமும் குறையும். மக்னீசியத்தைச் சரிசெய்யாமல் பொட்டாசியம் மட்டும் ஏற்றினால் நிற்காது. இதற்காகவே சிஸ்பிளாட்டினோடு டிரிப்ஸில் மக்னீசியமும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். உடம்பிலுள்ள மக்னீசியத்தில் ஒரு சதவீதம்கூட ரத்தத்தில் இல்லை என்பது சரிதான். இருந்தாலும் டாக்டர் முடிவெடுப்பது ரத்த அளவை வைத்துத்தான். அம்மாவுக்குக் கெண்டைக்கால் பிடித்து இழுத்தாலோ, கை நடுங்கினாலோ, நெஞ்சு படபடத்தாலோ அடுத்த கீமோ வரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள்.

ஜிங்க்கைப் பற்றித்தான் எனக்குப் பயம். அதிக அளவில் மாதக்கணக்காகச் சாப்பிட்டால் செம்புச் சத்து உடம்பில் சேராது. அதனால் வெள்ளை அணுக்கள் குறையும். கீமோவில் ஏற்கெனவே அவை இறங்கும் நேரம் இது.

அடுத்த கீமோவுக்குப் போகும்போது பாட்டில்களையும் அந்த ரிப்போர்ட்டையும் பையில் போட்டுக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தத்தில் மக்னீசியம், பொட்டாசியம், கால்சியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) நான்கும் பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் அன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். எண்கள் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.