ஆல்ஃப்டாண்டில் ஃபால்மர் தொல்லை
ஸ்கைரிம் வீடியோ கேமில் ஆல்ஃப்டாண்ட் என்ற இடத்தின் இடிபாடுகளில், தீப்பந்தத்தை அணைத்துவிட்டு ஓடியும் ஃபால்மர்கள் என்ற நிலத்தடி எதிரிகள் சூழ்ந்துகொள்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்களுக்குக் கண்ணே தெரியாது. உங்களைக் காட்டிக்கொடுப்பது அந்த ஓட்டமும் கனத்த கவசத்தின் சத்தமும்தான். கவசத்தைக் கழற்றிவிட்டு, குனிந்து மெல்ல நடங்கள். மஃபிள் மந்திரம் 180 விநாடிகள் காலடிச் சத்தத்தை அடக்கும். சுவரிலுள்ள பொந்துகளைக் கவனியுங்கள், அங்கிருந்துதான் குதிப்பார்கள். குறுகிய வழியின் தரையில் நெருப்பு ரூன் என்ற வெடிக்கும் மந்திரப் பொறியைப் பதித்துவிட்டு, தள்ளி நின்று ஓர் அம்பு எய்தால் தாமாகவே வந்து மிதிப்பார்கள். எனக்கு இதுதான் கைகொடுத்தது. எச்சில் துப்பும் சாரஸ் பூச்சியை மட்டும் தூரத்திலேயே முடித்துவிடுங்கள். அடைக்கலம் கேட்டு வந்த பனி எல்ஃப்களை, அதாவது ஃபால்மர்களின் முன்னோரை, ட்வெமர்கள் என்ற பழைய இனத்தார் குருடாக்கிய கதை தெரிந்த பிறகு, எனக்கு இவர்களைக் கொல்லவே மனம் வருவதில்லை!