எழுப்ப யாருக்கு மனம் வரும்?

கேள்வி: என் மகனுக்கு அரிசோனாவில் வேலை. இறந்த பிறகு உடலை உறையவைத்துப் பாதுகாக்கும் ஆல்கார் நிறுவனத்தில் பதிவு செய்துவிட்டான். மருத்துவம் வளர்ந்த காலத்தில் எழுப்புவார்களாம். சொந்தபந்தம் யாரும் இல்லாத அந்தக் காலத்தில், முன்பின் தெரியாதவனை எழுப்ப யாருக்கு மனம் வரும்? நினைத்தால் தூக்கம் வரவில்லை.
— ஒரு தாய்

பதில்: அன்புள்ள அம்மாவுக்கு,

இதுவரை அப்படி ஒருவரையும் எழுப்பியதில்லை. முடியுமா என்பது விஞ்ஞானிகள் பாடு. நீங்கள் கேட்பது மனசைப் பற்றி. அதற்கு, நடந்ததையே சொல்கிறேன்.

ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் என்ற உளவியல் பேராசிரியர் 1967 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் புற்றுநோயால் இறந்தார். இப்படி உறையவைக்கப்பட்ட முதல் மனிதர் அவர்தான். வைத்த இடம் நிலைக்கவில்லை. குடும்பத்தார் இடம் மாற்றி மாற்றிக் காப்பாற்றினார்கள். சில வருஷம் மகனே பொறுப்பில் வைத்திருந்தார். 1991இல் ஆல்காரில் அந்தப் பழைய கலனைத் திறந்து பார்த்தபோது, உடலோடு வைத்த பனிக்கட்டிகள் வடிவம் குலையாமல் கட்டிகட்டியாகவே இருந்தன. 24 வருஷம், அம்மா! ஒருநாள்கூட உருகவிடவில்லை.

அதே கலிஃபோர்னியாவில், சாட்ஸ்வர்த் கல்லறைத் தோட்டத்து நிலவறையில் உறையவைக்கப்பட்டிருந்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பணம் தீர்ந்தது, உடலைக் குளிரில் வைக்கும் திரவ நைட்ரஜன் ஊற்ற ஆளில்லை, ஒன்பது உடல்கள் அழுகிப்போயின. 1979இல்தான் விஷயம் வெளியே வந்தது.

அதனால், வருங்கால உலகம் முழுக்க உங்கள் மகனை விரும்ப வேண்டியதில்லை. தொட்டியில் மைனஸ் 196 டிகிரி குளிர் குறையாமல் பார்த்துக்கொள்ளும் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருந்தால் போதும். கடைசியாக அந்தப் பொறுப்பை வாங்குகிறவருக்குத்தான் எழுப்பும் எண்ணமும் வரும். அவருக்கு மனம் வரும் என்றே நான் நம்புகிறேன். ஆல்காரில் உறையவைத்தவர்களைப் பிணம் என்று சொல்வதில்லை, நோயாளி என்றுதான் சொல்கிறார்கள். உடலைத் தலைகீழாக நிறுத்துகிறார்கள். நைட்ரஜன் மட்டம் இறங்கினாலும் தலை கடைசிவரை குளிரிலேயே இருக்கட்டும் என்று. அடிபட்டு நினைவில்லாமல் வருகிறவரை, இவரால் நமக்கு என்ன லாபம் என்று எந்த டாக்டரும் கேட்பதில்லையே.

சரி, நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உறுப்பினர்களின் நினைவுப் பொருட்களை ஒரு பெட்டியில் போட்டு, கான்சாஸ் மாநிலத்தின் உப்புச் சுரங்கம் ஒன்றில் பத்திரப்படுத்துகிறார்கள். உங்கள் கைப்பட ஒரு கடிதம் எழுதி மகனிடம் கொடுங்கள். சின்ன வயதில் எதற்கு அழுவான், எந்தக் குழம்புக்கு இரண்டாம் முறை சோறு கேட்பான், எல்லாம் எழுதுங்கள். பெட்டியைத் திறப்பவருக்கு அவன் முன்பின் தெரியாதவனாக இருக்க மாட்டான்.